பனியில் பெருகும், புழுக்கத்தில் தேயும்: குதிரைகளின் வெப்பக் கணக்கு

மங்கோலியாவில் மனிதர்களைவிடக் குதிரைகள் அதிகம். மக்கள்தொகை சுமார் 35 லட்சம். குதிரைகளோ அண்மை ஆண்டுகளில் 40 லட்சத்தைத் தாண்டி நின்றன. 140 கோடிப் பேர் வாழும் இந்தியாவில் 2019-ல் நடந்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பு, குதிரையையும் மட்டக்குதிரையையும் சேர்த்தே 3.4 லட்சம் என்றது. 2012-ல் இருந்ததில் கிட்டத்தட்டப் பாதி காணாமல் போயிருந்தது.

ஜட்கா வண்டி போய் ஆட்டோ வந்தது, மலைப்பாதைக்கு ஜீப் வந்தது, அதனால் குதிரை குறைந்தது என்பார்கள். அந்த ஏழாண்டுச் சரிவுக்கு அது பொருந்தலாம். ஆனால் ஆட்டோவும் ஜீப்பும் இல்லாத காலத்திலேயே தென்னிந்தியா குதிரைக்காகக் கடலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடல்வழியே வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை பதிவு செய்திருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் என்று ஒரு வணிகக் கூட்டமே வருகிறது. மாணிக்கவாசகர் கதை தொடங்குவதே பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பணத்தோடு புறப்பட்ட இடத்தில்தான்.

உலகத் தலைநகரங்களிலேயே மிகக் குளிரானது உலான்பாதர். அங்கே ஜனவரி மாதச் சராசரியே பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியைத் தாண்டிவிடும். புல் பச்சையாக இருப்பது ஆண்டுக்கு நாலைந்து மாதம். அந்த நாட்டில் குதிரை பெருகுகிறது. ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று பச்சையாக இருக்கும் காவிரிக் கரையில் அது நிலைக்கவில்லை. இதற்கு வெப்பமானியை மட்டும் பார்த்தால் பாதி விடைதான் கிடைக்கும். வெயிலும் பனியும் குதிரையை நேராகத் தாக்குவதைவிட, புல் வழியாகவும் நீர் வழியாகவும் காற்றின் ஈரத்தின் வழியாகவும்தான் அதிகம் தாக்குகின்றன.

வயிற்றுக்குள் ஓர் அடுப்பு

முதலில் உடம்பு. நன்கு பழகிய வளர்ந்த குதிரைக்கு ஏறத்தாழ 5 டிகிரி முதல் 25 டிகிரி வரை எந்தச் சிரமமும் இல்லை. உடம்பைச் சூடாக்கவோ குளிர்விக்கவோ தனியாகச் சக்தி செலவிட வேண்டாம். நமக்கு ஸ்வெட்டர் தேடவைக்கும் குளிர் அதற்கு வசதியான வானிலை. கனடாவின் குளிருக்குப் பழகிய குதிரைகள் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி வரைகூடக் கூடுதல் தீனி கேட்காமல் சமாளிப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன.

காரணம் அதன் பெருங்குடலில் இருக்கிறது. மாட்டைப் போல அசைபோடும் மிருகம் அல்ல குதிரை. தின்ற நாரையெல்லாம் குடலின் பின்பகுதியில் நுண்ணுயிர்கள் புளிக்கவைத்துச் செரிக்கின்றன. அந்த வேலையில் வெப்பம் பிறக்கிறது. காய்ந்த புல் தின்னத் தின்ன உள்ளே அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் குளிர்நாட்டுக் குதிரைக்காரர்கள் கடுங்குளிரில் தானியத்தைவிடக் காய்ந்த புல்லைக் கூட்டிக் கொடுக்கிறார்கள். இதோடு குளிர்கால ரோமமும் சேர்ந்துகொள்கிறது. அந்த ரோமம் குளிர் வந்த பிறகு முளைப்பதில்லை. பகல் சுருங்கத் தொடங்கும்போதே கண்ணில் படும் வெளிச்சத்தின் அளவை வைத்து உடம்பு தயாராகிவிடுகிறது.

இதன் உச்சத்தைச் சைபீரியாவின் யாகுத்தியாவில் பார்க்கலாம். வெர்கோயான்ஸ்க், ஒய்மியாகோன் போன்ற ஊர்களில் பூஜ்யத்துக்குக் கீழே 67 டிகிரிக்கும் கூடுதலான குளிர் பதிவாகியிருக்கிறது. யாகுத் குதிரைகள் அங்கே கொட்டகை இல்லாமல் ஆண்டு முழுவதும் வெளியில் திரிகின்றன. குளம்பால் பனியைத் தோண்டி அடியில் கிடக்கும் புல்லைத் தின்கின்றன. குட்டையான கால், உருண்ட உடம்பு, விரல் நீளத்துக்கு ரோமம். இவை பனியுகத்துப் பழைய காட்டுக்குதிரைகளின் வாரிசுகளாக இருக்கும் என்று நினைத்தவர்கள் உண்டு. 2015-ல் வெளியான மரபணு ஆய்வு அதை மறுத்துவிட்டது. 13-ஆம் நூற்றாண்டையும் அதற்குப் பிந்தைய காலத்தையும் ஒட்டி, தெற்கிலிருந்து யாகுத் மக்கள் ஓட்டிவந்த வீட்டுக் குதிரைகளின் வழிவந்தவையே இவை. அதாவது எண்ணூறு ஆண்டுகளுக்குள் ரோமம், உடல் அளவு, வெப்பம் உண்டாக்கும் முறை எல்லாம் மாறியிருக்கின்றன. குளிரோடு ஒத்துப்போகக் குதிரைக்கு அவ்வளவு காலமே போதுமாக இருந்தது.

வெயில் வேறு கணக்கு. ஓடும் குதிரையின் தசை, செலவிடும் சக்தியில் நாலில் ஒரு பங்கைத்தான் ஓட்டமாக மாற்றுகிறது. மிச்சம் வெறும் வெப்பம். அதை வெளியேற்றத் தோல் வேண்டும். எடைக்கு எடை பார்த்தால் மனிதனுக்கு இருப்பதில் பாதித் தோல்கூடக் குதிரைக்கு இல்லை. எனவே வியர்வைதான் கதி. கடுமையாக ஓடும்போது மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல் வியர்க்கும். அந்த வியர்வையில் இரத்தத்தில் இருப்பதைவிட உப்பு அதிகம். நுரைக்கவைக்கும் ஒரு புரதமும் இருக்கிறது. ரோமத்தின் மேல் வியர்வை பரவி வேகமாக ஆவியாக அது உதவுகிறது. குதிரையின் கழுத்தில் சோப்பு நுரை போலத் தெரிவது அதுதான்.

ஆவியானால்தான் குளிர்ச்சி. காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிரம்பியிருந்தால் வியர்வை சொட்டித் தரையில் விழும். உப்பும் நீரும் போகும், சூடு போகாது. மே மாதத்தில் 45 டிகிரியைத் தொடும் மார்வாரில் பெயர்பெற்ற ஒரு குதிரையினம் உருவானதும், அதைவிடப் பல டிகிரி குறைவாகவே காயும் சோழ மண்டலக் கடற்கரையில் ஒன்றுகூட உருவாகாததும் இதனால்தான் புரிகின்றன. குதிரைக்கு எதிரி வெயில் என்பதைவிடப் புழுக்கம் என்பதே சரி. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின்போது இந்தக் கவலை உலக அளவில் பேசப்பட்டது. குதிரையேற்றப் போட்டியின் தூரமும் இடைவேளைகளும் மாற்றப்பட்டன, நீர்த்தூவல் மின்விசிறிகள் வைக்கப்பட்டன. டோக்கியோவில் 2021-ல் நடந்தபோது ‘கிராஸ் கன்ட்ரி’ ஓட்டத்தை அதிகாலைப் பொழுதுக்கே தள்ளிவிட்டார்கள்.

பத்தாயிரம் குதிரை, வருடா வருடம்

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய வெளியார் இருவர், ஒருவரையொருவர் அறியாமலே ஒரே விஷயத்தைக் கண்டு வியந்திருக்கிறார்கள். ஒருவர் வெனிஸ் வணிகர் மார்க்கோ போலோ, மற்றவர் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். பாரசீக வளைகுடாவின் துறைகளிலிருந்து ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் வந்தன, தலைக்கு 220 தினார் பொன், மொத்தம் 22 லட்சம் தினார் என்கிறார் வஸ்ஸாஃப். இடைக்கால வரலாற்றாசிரியர்களுக்கு எண்களைப் பெருக்கிச் சொல்வதில் ஒரு குஷி உண்டு. பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் தொகை மலைக்க வைப்பதுதான். தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறையின் செழிப்பில் இந்த வியாபாரத்துக்குப் பெரும்பங்கு உண்டு. வளைகுடாவிலுள்ள கீஷ் தீவின் மாலிக் ஜமாலுத்தீன் அங்கிருந்து அனுப்பினார். அவருடைய சகோதரர் தகியுத்தீன் பாண்டியன் அவையில் அமைச்சர் நிலையில் இருந்து இங்கே பார்த்துக்கொண்டார். ஏற்றுமதியும் இறக்குமதியும் ஒரே குடும்பத்தின் கையில்!

வருடா வருடம் ஏன் வாங்க வேண்டும்? வந்தவை செத்துக்கொண்டே இருந்தன. மார்க்கோ போலோ தட்பவெப்பத்தைக் குற்றம் சொல்கிறார். உயர்ந்த சாதிப் பொலிகுதிரையையும் நல்ல பெட்டையையும் சேர்த்தாலும் இந்த மண்ணில் கால் கோணிய, சவாரிக்கு உதவாத குட்டிதான் பிறக்கிறது என்கிறார். ஆனால் அவரே வேறு இரண்டு தகவல்களையும் தருகிறார். குதிரைக்கு இறைச்சி கலந்த சோற்றை ஆக்கிப் போடுகிறார்கள். குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இந்த நாட்டுக்கு வராமல் வணிகர்கள் பார்த்துக்கொள்கிறார்கள், குதிரை சாகச் சாகத்தானே அடுத்த கப்பலுக்கு வேலை. வஸ்ஸாஃப் இன்னொன்று சேர்க்கிறார்: வந்திறங்கிய குதிரையை நாற்பது நாள் லாயத்தில் கட்டிப்போட்டுக் கொழுக்க வைத்து, பழக்காமலே ஒரேயடியாக ஏறி விரட்டுகிறார்கள், சீக்கிரமே அது ஒன்றுக்கும் உதவாமல் போகிறது.

ஆக, பழியை முழுக்க வானிலை மேல் போட முடியாது. கால் கோணிய குட்டியைப் பற்றிப் படிக்கும் இன்றைய கால்நடை மருத்துவர் முதலில் தீனியைத்தான் சந்தேகிப்பார். அரிசியிலும் தவிட்டிலும் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து சொற்பம். அந்த விகிதம் தலைகீழானால் குதிரையின் உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவிக்கொள்ளும். எலும்பு பொத்தலாகும், முகம் வீங்கும், கால் வளையும். நெல்லை விளைவிக்கும் ஈரச்சூடுதான் குதிரைக்கேற்ற உலர்புல்வெளியை இல்லாமல் ஆக்குகிறது. மேய்ச்சல் இல்லாத இடத்தில் சோறு போடுகிறார்கள், சோறு எலும்பைத் தின்கிறது. புழுக்கமும் தீனியும் இப்படிக் கைகோத்திருக்கும்போது இரண்டையும் பிரித்துக் கணக்குப் பார்ப்பது வீண்.

விஜயநகர அரசர்கள் காலத்தில் விலை இன்னும் ஏறியது. 1510-ல் கோவாவைப் பிடித்த போர்ச்சுகீசியர்கள் குதிரை வணிகத்தைத் தங்கள் பிடிக்குள் கொண்டுவந்தார்கள். கிருஷ்ணதேவராயர் ஆண்டுதோறும் வளைகுடாவின் ஓர்முஸ் குதிரைகளும் நாட்டுக் குதிரைகளுமாகப் பதின்மூன்றாயிரம் வாங்கியதாக நூனிஸ் என்ற போர்ச்சுகீசிய வணிகர் எழுதியிருக்கிறார். அதற்கு முன் ஆண்ட சாளுவ நரசிம்மர் பற்றி அவர் சொல்லும் செய்தி இன்னும் சுவையானது. குதிரை வரத்து நின்றுவிடக் கூடாது என்பதற்காக, கப்பலிலேயே செத்த குதிரைக்கும் அந்த மன்னர் முழு விலை கொடுத்தாராம். வணிகர்கள் வாலை மட்டும் அறுத்துக்கொண்டுவந்து காட்டினால் போதும்.

மலையேறிய குதிரைகள்

வெள்ளைக்காரர்கள் இதே சிக்கலைத் தங்கள் பாணியில் அணுகினார்கள். சென்னை ராணுவத்துக்குக் குதிரை வளர்க்க 1824-ல் ஓசூரை அடுத்த மத்திகிரியில் பண்ணை தொடங்கினார்கள். கடல்மட்டத்துக்குமேல் சுமார் 900 மீட்டர் உயரம், மிதமான வெயில், மழை அளவோடு. பிற்பாடு அது மாட்டுப் பண்ணையாக மாறி இன்றும் இயங்குகிறது. அப்படியும் போதாமல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து ‘வேலர்’ குதிரைகள் கப்பல் கப்பலாகச் சென்னைக்கு வந்திறங்கின. பாண்டியன் மேற்கே பார்த்தான், கும்பினியார் தென்கிழக்கே பார்த்தார்கள். கடல் மட்டும் மாறவில்லை.

பந்தயக் குதிரைகளிடம் ஆங்கிலேயர்கள் ஒரு விசித்திர நோயைக் கண்டார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த உயர்சாதிக் குதிரைகள் சில, ஈரச்சூட்டில் சில காலம் இருந்தபின் வியர்ப்பதையே நிறுத்திவிட்டன. தோல் காய்ந்து கிடக்கும், மூச்சு மட்டும் இரைக்கும், உடம்பு கொதிக்கும். வியர்வைச் சுரப்பிகள் ஓயாமல் தூண்டப்பட்டுக் களைத்துப்போவதே இதற்கு அடிப்படை என்று கருதப்படுகிறது. இன்றுவரை நம்பகமான சிகிச்சை, அந்தக் குதிரையைக் குளிர்ந்த ஊருக்கு அனுப்புவதுதான்.

பந்தய நாள்காட்டியும் இதைப் பார்த்தே எழுதப்பட்டது. கிண்டியில் பந்தயம் நவம்பர் முதல் குளிர்மாதங்களில், கோடை பிறந்ததும் உதகமண்டலத்தில், மும்பையின் குதிரைகளுக்கு மழைக்காலத்தில் புணே என்றிருந்தது. சீசனுக்கு மலையேறிய துரைமார்களோடு குதிரையும் ஏறியது என்று கேலி செய்யலாம். குதிரைக்குத்தான் அது உண்மையிலேயே தேவைப்பட்டது.

வடக்கே இதையே பணமில்லாதவர்கள் கால்நடையாகச் செய்கிறார்கள். குஜ்ஜர், பக்கர்வால் மேய்ப்பர்கள் குளிர்காலத்தில் ஜம்முவின் அடிவாரத்திலும் கோடையில் காஷ்மீரின் உயர்புல்வெளிகளிலும் இருப்பார்கள். ஆட்டு மந்தையோடு மூட்டை சுமக்கும் குதிரைகளும் ஏறி இறங்கும். உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து ஜம்மு காஷ்மீர்தான் குதிரை மிகுந்த பகுதி என்று 2019 கணக்கு சொல்கிறது. அந்தக் குதிரைகளில் ஒரு பகுதிக்கு, எந்த மாவட்டம் என்பது எந்த மாதம் என்பதைப் பொறுத்தது.

நம் நாட்டின் பதிவுபெற்ற குதிரையினங்களை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் கோலம் தெளிவாகத் தெரியும். லடாக்கின் ஜான்ஸ்காரி, இமாச்சலத்தின் ஸ்பிதி, இமயத்தின் கிழக்கே பூட்டியா: குளிர். ராஜஸ்தானின் மார்வாரி, குஜராத்தின் கத்தியவாரி, கச்சு-சிந்தி: உலர்சூடு. தக்காணத்தின் பீம்தடி: மழை மறைவு மேட்டுநிலம். தமிழகமும் கேரளமும் வெற்றிடம். மழை கொட்டும் மணிப்பூருக்கு மட்டும் ஓர் இனம் உண்டு, அதுவும் குள்ளமான மட்டக்குதிரை. தமிழ்நாட்டில் பேர்போன குதிரைச் சந்தை ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடுகிறது. அது கொங்கு நாட்டு மழை மறைவுப் பகுதி. அங்கேயும் கூட்டம் சுற்றி நின்று பார்ப்பது மார்வாரியையும் கத்தியவாரியையும்தான்.

சூடும் ஈரமும் சேர்ந்தால் பூச்சியும் வரும். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் 1854-55-ல் ஏறக்குறைய 70,000 குதிரைகள் ஒரே கொள்ளைநோயில் செத்தன. அந்த நோயின் வைரஸைப் பரப்பும் கொசுவினும் சிறிய கடிபூச்சி மழைக்கோடையில் பெருகும், முதல் உறைபனியோடு அடங்கும். இந்தியாவில் மழைக்குப் பின் குதிரைகளை வாட்டும் சுர்ரா நோயின் கிருமியை 1880-ல் கிரிஃபித் எவான்ஸ் கண்டறிந்தார். அதைப் பரப்புவதும் கடிக்கும் ஈக்கள்தான்.

புழுக்கத்திலும் பிழைத்தவை இல்லாமல் இல்லை. கோடியக்கரை சரணாலயத்தில் வெளிமான்களோடு மட்டக்குதிரைகள் காட்டுவாசிகளாகத் திரிகின்றன. இலங்கையின் நெடுந்தீவில் போர்ச்சுகீசியர், ஒல்லாந்தர் காலக் குதிரைகளின் வழிவந்தவை நூற்றுக்கணக்கில் மேய்கின்றன. இரண்டுமே மட்டக்குதிரைகள். உடம்பு சிறுத்தால் எடைக்கு ஏற்ற தோல் பரப்பு கூடும், சூடு எளிதில் வெளியேறும். யார் மேலும் ஏறி விரட்டாதபோது வியர்க்க வேண்டிய தேவையும் குறைவு. நெடுந்தீவில் அவற்றைச் சாய்ப்பது ஆவணி, புரட்டாசியில் வற்றிப்போகும் குட்டைகள். ஐப்பசி மழை தாமதித்தால் குதிரைகள் தண்ணீரில்லாமல் சாகின்றன.

பனி கொல்வது எப்படி

அப்படியானால் குளிர்நாட்டில் குதிரைக்குச் சாவே இல்லையா? உண்டு, லட்சக்கணக்கில். மங்கோலியர்கள் அதை ‘ஜூட்’ என்கிறார்கள். கோடை வறட்சியில் கொழுக்க முடியாமல் போன கால்நடைகளைக் கடும் பனிக்காலம் வந்து கூட்டம் கூட்டமாகச் சாய்ப்பது அது. தோண்ட முடியாத ஆழத்துக்குப் பனி மூடினால் வெள்ளை ஜூட். பனியே விழாமல், உருக்கிக் குடிக்கவும் நீரில்லாமல் போனால் கறுப்பு ஜூட். இடையில் வெயில் வந்து பனி உருகி மறுபடி உறைந்து, புல்லின் மேல் பனிக்கட்டி ஓடு போட்டுவிட்டால் இரும்பு ஜூட். மூன்றிலும் குதிரையைக் கொல்வது பசியும் தாகமும். மைனஸ் நாற்பதைத் தாங்கும் மிருகம், நாலு அங்குலம் கீழே இருக்கும் புல்லை எட்ட முடியாமல் சாகிறது.

2009-10 பனிக்காலத்தில் நாட்டின் கால்நடைகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அழிந்தது, ஒரு கோடியை ஒட்டிய எண்ணிக்கை. அந்த ஆண்டு இறுதியில் குதிரைகள் 20 லட்சத்துக்கும் கீழே போயின. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் அவை இரண்டு மடங்குக்கு மேல் பெருகின. 2023-24-ல் மறுபடி ஒரு ஜூட், 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் காலி. இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்க்கும்போது, ஒரு நாட்டில் இத்தனை குதிரை என்று ஓர் ஆண்டுக் கணக்கை வைத்துப் பேசுவதே அபத்தமாகப் படுகிறது.

கோபி பாலைவனத்தில் அதே 2009-10-ல் நடந்த ஒரு சம்பவம் ஆய்வாளர்களை யோசிக்கவைத்தது. காட்டில் அற்றுப்போய், மிருகக்காட்சிசாலைகளிலிருந்து திரும்பக் கொண்டுவந்து விடப்பட்ட பிரெவால்ஸ்கி காட்டுக்குதிரைகள் அங்கே ஏறத்தாழ அறுபது விழுக்காடு செத்தன. அதே வெளியில் வாழும் காட்டுக்கழுதைகளுக்குப் பெரிய சேதம் இல்லை. கழுதைகள் பனி குறைந்த பக்கத்துக்கு நெடுந்தூரம் நடந்துவிட்டன. குதிரைகள் பழகிய சிறிய எல்லையை விட்டு நகரவில்லை. குளிர் இருவருக்கும் ஒன்றுதான்.

எதிர்த்திசையிலும் சான்று இருக்கிறது. மத்திய மங்கோலியாவின் கோர்கோ எரிமலைக் குழம்புவெளியில் நிற்கும் பழைய சைபீரியப் பைன் மரங்களின் வளையங்களை நீல் பீடர்சன், ஏமி ஹெஸ்ல் முதலியோர் ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார்கள். 1211 முதல் 1225 வரை அங்கே வழக்கத்துக்கு மாறாக மிதமான வெப்பமும் தொடர்மழையும் இருந்திருக்கின்றன. செங்கிஸ் கானின் ஆட்சி பரவிய ஆண்டுகள் அவை. ஒவ்வொரு வீரனும் மாற்றுக் குதிரைகள் பலவற்றோடு புறப்பட்ட படை அது. புல்தான் அதன் எரிபொருள். மழை பெய்ததால் பேரரசு முளைத்தது என்று சொல்வது அவசரம். அதே மழை நனைத்த வேறு குலங்களும் இருந்தன, அவை உலகை வெல்லவில்லை. ஆனாலும் அத்தனை குதிரைக்கு அந்தப் பதினைந்து ஆண்டுப் புல் இல்லாமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது மங்கோலியா 1940-லிருந்து 2 டிகிரிக்கு மேல் சூடாகியிருக்கிறது. குளிர் தணிந்தால் குதிரைக்கு நல்லதுதானே என்று தோன்றும். கோடை வறட்சி கூடியிருப்பதால் உடம்பில் கொழுப்பு ஏறாமலே அவை பனிக்காலத்துக்குள் நுழைகின்றன. பனிக்காலத்தின் நடுவே எதிர்பாராமல் வரும் இளவெப்பம் பனியை உருக்கி இரும்பு ஜூட்டுக்கு வழி செய்கிறது. பெட்டைக் குதிரையோ பகல் வெளிச்சத்தின் நீளத்தை வைத்துச் சினைப்பிடித்து, பதினொரு மாதம் கழித்து வழக்கமான இளவேனிலில் குட்டி போடும். புல் பிந்தினால் அதற்காகக் குட்டி பிந்தாது.

மங்கோலிய அரசு கால்நடைகளை எண்ணுவது ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில். சாவுகள் உச்சத்துக்குப் போவது அதற்குப் பிறகு, உடம்பில் சேர்த்த கொழுப்பெல்லாம் கரைந்த மார்ச், ஏப்ரல் மாதங்களில். அதனால் மேய்ப்பர்கள் டிசம்பர் வரை காத்திருப்பதில்லை. இலையுதிர் காலத்திலேயே குதிரையின் விலாவைத் தொட்டுப் பார்த்து, எத்தனையைப் பனிக்கு ஒப்படைப்பது, எத்தனையை இப்போதே விற்பது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். எல்லோரும் ஒரே வாரத்தில் விற்க வரும்போது விலை சரிந்துவிடுகிறது. அந்த நட்டத்துக்குப் பயந்து விற்காமல் வைத்தவர்கள்தான் மார்ச்சில் அதிகம் இழக்கிறார்கள்.